கிண்டிலா, நூலகமா, புத்தகத் திருவிழாவா: தறிக்காரத் தம்பிக்குச் சொன்ன கணக்கு

தீபாவளி முடிந்த மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் நான்கு விசைத்தறி ஓட்டுகிறான். பண்டிகைச் சரக்கெல்லாம் போய்ச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு நின்றிருந்தது. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"ஏங்க்கா, கிண்டில் ஒண்ணு வாங்கீட்டா மறுபடியும் படிச்சுருவேனா?"

மின்னூல் படிக்க அமேசான் விற்கிற கருவியைத்தான் கேட்கிறான். நாற்பத்திரண்டு வயது அவனுக்கு. பத்தாவது படிக்கும்போது வாடகை நூல் நிலையத்தில் நாளுக்கு ஒரு மாத நாவலைத் தீர்த்தவன். பரீட்சைக்கு முதல் நாள் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படித்து அப்பாவிடம் அடி வாங்கியவன். அப்புறம் தறி, கல்யாணம், பிள்ளைகள், செல்போன். பதினைந்து வருடமாக அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்த புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று அவனே சொல்கிறான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வி எனக்கும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன், இரவல் வாங்கிப் பார்த்தேன், காதில் மாட்டிப் பார்த்தேன். நான் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி ஏற்காட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கணக்கு எழுதுகிற ஆள். எனக்குச் சரிப்பட்டது அவனுக்குச் சரிப்பட வேண்டும் என்று இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இரண்டு பேர் பிழைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

அதற்கு முன்னால் அளவுகோல். படிக்கும் பழக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எப்படித் தொடங்குவது என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடங்குவது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்கியிருக்கிறேன், பிறந்தநாளுக்குத் தொடங்கியிருக்கிறேன், சரஸ்வதி பூஜை முடிந்து விஜயதசமியன்று பயபக்தியோடு தொடங்கியிருக்கிறேன். அப்புறம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாள்கள் வரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் சேலத்தில் யார் புத்தகத்தைத் தொடுவார்கள்? பத்து நாள் விட்டுப்போகும். பதினோராம் நாள் ராத்திரி எதைக் கையில் எடுக்க மனசுக்கு லேசாக இருக்கிறது? நான் பார்த்த அளவுகோல் அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு ஆய்வும் துணைக்கு இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆகிறது என்றார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். '21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதை இனிமேல் நம்ப வேண்டாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு தகவல்: நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கவனித்தது பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி மாதிரிப் பழக்கங்களை. நானூறு பக்க நாவல் படிப்பது தண்ணீர் குடிக்கிற மாதிரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் 'ஒருநாள் விட்டாச்சு, எல்லாம் போச்சு' என்ற நினைப்பு பொய் என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

இன்னொன்று, இது தம்பியைப் பார்த்ததும் தோன்றியது. பேப்பரைக் கையில் கொடுத்தேன். கையை முழுசாக நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தான். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். கண்ணில் உள்ள லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து, கிட்டத்தில் உள்ளது மங்கும். 'உட்கார்ந்து படிச்சா தூக்கம் வருது, தலை வலிக்குது, பொறுமையே போயிருச்சு' என்று சொல்கிற நடுவயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு முதலில் தேவை கண்ணாடி என்பது என் சந்தேகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு வருடம் என்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மூட்டை கட்டிய புத்தகங்கள்

சில வருடங்களாக மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது. சேலத்திலும் புதிய பேருந்து நிலையம் பக்கத்தில் திடலில் கொட்டகை போட்டு நடத்துகிறார்கள். நான் திரும்பப் படிக்கத் தொடங்கியது அங்கேதான். பத்து சதவீதத் தள்ளுபடி என்றதும் கை நிற்கவில்லை. இருபத்திரண்டு புத்தகம், இரண்டு கட்டைப்பை, ஆட்டோ வைத்து வீட்டுக்கு. அதில் இன்றுவரை படித்து முடித்தது மூன்று.

காரணம் யோசித்துப் பார்த்தால் புரிகிறது. கொட்டகையில் நிற்கும்போது நான் வாங்குவது எனக்காக இல்லை. ஓய்வாக, அமைதியாக, தினமும் இரண்டு மணிநேரம் படிக்கப் போகிற வேறு யாரோ ஒருத்திக்காக. எண்ணூறு பக்க நாவல், இரண்டு பாக வரலாறு, எல்லாம் அவளுக்கு. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து வருகிற எனக்கு என்று பார்த்தால் ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பு மட்டும்தான் அந்தப் பையில் இருந்தது.

சொந்தப் புத்தகத்துக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. பத்து நாள் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. மடித்த பக்கம் மடித்தபடியே இருக்கும், அடிக்கோடு போடலாம். அதன் குறையும் இதுவேதான். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற பொருளை எப்போதுமே படிக்க மாட்டோம். வீட்டுக்குள் ஒரு வருடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த புத்தகம் கடைசியில் சுவரின் நிறமாகிவிடும். ஒன்றை முடித்தால் ஒன்று வாங்குவது என்று இப்போது வைத்திருக்கிறேன். போன வருடத் திருவிழாவில் அந்தக் கணக்கை மீறி நான்கு வாங்கினேன், அது வேறு விஷயம்.

கைபேசி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செலவு இல்லை, எப்போதும் கையில் இருக்கிறது, இருட்டிலும் படிக்கலாம். ஆனால் அதே திரைக்குள்தான் குடும்ப வாட்ஸப் குழு, ரீல்ஸ், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் இருக்கின்றன. ஒரு செயலியில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். சரியாகக் கொலைகாரன் கதவைத் திறக்கும்போது சேலை விளம்பரம் வந்து நின்றது. அத்தோடு விட்டுவிட்டேன்.

ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். தம்பியால் அது முடியாது. நூல் வியாபாரியும் சேலை எடுக்கிறவரும் அவனைக் கூப்பிடுவது அந்த எண்ணில்தான். படிக்கிறேன் என்று போனை அணைத்தால் அடுத்த நாள் தறிக்கு ஊடை, அதாவது குறுக்கு நூல், இருக்காது.

படுக்கையில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 2014 கடைசியில் வெளியான ஓர் ஆய்வில், தூங்கப் போகும் முன் ஒளிரும் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. கலந்துகொண்டவர்கள் பன்னிரண்டே பேர் என்பதால் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். ஆனால் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறவளுக்குப் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான்.

கிண்டில்

அக்கா மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது அவனுடைய கிண்டில் எட்டு மாதம் என்னிடம் இருந்தது. நல்ல பொருள், மறைக்க ஒன்றும் இல்லை. அதன் திரை பின்னாலிருந்து விளக்கு அடிக்காது; காகிதம் மாதிரி வெளி வெளிச்சத்தில் தெரியும், இருட்டுக்கு என்று முன்பக்கம் சின்ன விளக்கு உண்டு. வெயிலில் கூசாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது வெள்ளெழுத்துக்காரர்களுக்கு வரப்பிரசாதம். தமிழ் மலிவுப் பதிப்புகளில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருப்பதை நினைத்தால் இந்த ஒரு வசதிக்கே காசு கொடுக்கலாம் என்று தோன்றும்.

திரையில் படித்தால் மண்டையில் ஏறாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதி உண்மை. 2018-ல் 54 ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் உள்ள தரவை அலசிப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த கட்டுரைகளில் காகிதத்துக்குக் கொஞ்சம் மேல்கை இருந்தது, அவசரமாகப் படிக்கும்போது அது கூடியது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக நாவல் படிக்கிறவர் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு உள்ள சிக்கல் வேறு. கிண்டிலில் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். அதன் பிறகு நிறைய வந்திருக்கிறது, ஆனால் நாம் தேடுவது இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் பட்டியல் எழுதித் தேடிய பத்தில் நான்குதான் கிடைத்தது. இலவசமாக என்றால் மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வைத்திருக்கிற பழந்தமிழ் இலக்கியமும், பதிப்புரிமை இல்லாத பின்னாளைய நூல்களும் அதில் கிடைக்கும். தட்டச்சு செய்த எழுத்து என்பதால் கிண்டிலில் பெரிதாக்கிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பல பழைய நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்கள். கணினியில் அருமையாக இருக்கும். ஆறு அங்குலத் திரையில் போட்டால் எறும்பு திரும்ப வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'இலவசமா ஆயிரம் புத்தகம் இருக்கு' என்று நம்பி மெஷினை வாங்குகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

சரி, பதினோராம் நாள் கணக்குக்கு வருவோம். கிண்டில் விட்ட பக்கத்திலேயே திறக்கும், நல்லதுதான். ஆனால் புத்தகம் கண்ணில் படாது. மெலிந்த கறுப்புப் பலகை, மேசையில் எதன் அடியிலாவது போய்விடும். எனக்கு ஒருமுறை அது ரேஷன் கார்டு கவருக்குள்ளிருந்து மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. அதோடு, தடிமன் தெரியாததால் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று கைக்குத் தெரியாது. திரையின் அடியில் சதவீதம் காட்டும். முப்பத்தேழு சதவீதம் என்பதைக் கணக்கு எழுதுகிற நான்கூடப் புத்தகமாக உணர முடியவில்லை.

காதில் கேட்பது, அல்லது இருபது வளைவுகள்

ஏற்காடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சாலை சமமாக இருக்கும். உட்கார இடம் கிடைத்தால் அந்தத் தூரம் புத்தகத்துக்கு. அடிவாரம் தாண்டியதும் மூடிவிட வேண்டும். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் வீம்புக்கு மூன்றாம் வளைவு வரை படித்தேன். ஐந்தாம் வளைவில் ஜன்னல் பக்கத்து அம்மாவிடம் இடம் கேட்டு, தலையை வெளியே நீட்டி, மானம் போனது.

இதில் மன உறுதிக்கு ஒரு வேலையும் இல்லை. காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு 'வளைகிறோம், ஏறுகிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. பக்கத்தில் பதிந்திருக்கிற கண் 'எல்லாம் அசையாமல் இருக்கிறது' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. அதனால் மலைக்குக் காது, சமவெளிக்குக் கண் என்று பிரித்தேன். மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் ஒலிநூலை, அதாவது குரலில் படித்துப் பதிவு செய்த புத்தகத்தை, முதல் நாள் ராத்திரியே வீட்டில் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பது படிப்பதில் சேருமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவில் பெரியவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், ஒரே நூலைக் கேட்டவர்களுக்கும் திரையில் படித்தவர்களுக்கும் புரிதலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் இல்லை. நம் ஊருக்கு இது புதிதா என்ன? 1944-ல் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்த இயக்கம் வளர்த்த படிப்பகங்களிலும், ஊர்ப்பட்ட டீக்கடைகளிலும் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து கேட்டு அரசியல் பேசினார்கள். அவர்களை வாசகர் இல்லை என்று யார் சொல்வது?

ஆனாலும் பதினோராம் நாள் என்று வந்தால் ஒலிநூல் என்னிடம் தோற்றுத்தான் போனது. விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆகும். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி குரலைப் புரட்ட முடியாது. பேர் நிறைய வருகிற குடும்பக் கதையைப் பத்து நாள் கழித்துக் கேட்டால் யார் சித்தப்பா, யார் மாமா என்று தெரியாமல் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் முடிகிற சிறுகதையும் கட்டுரையும் காதுக்கு ஏற்றவை. பங்குனி சித்திரையில் ஒரு மழை பெய்து காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற நாள்களில் நான் ஹெட்போனையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். அந்த வாசனை உள்ளே வரும்போது காதில் யாராவது பேசினால் எரிச்சலாக இருக்கும்.

தம்பிக்கு இது ஆகவே ஆகாது என்று அடித்துச் சொன்னேன். 'தறி ஓடும்போது ஹெட்போன் போட்டுக்கலாமே' என்றான். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டியும் தாண்டியும் போகும். அதற்கு மேல் கதை கேட்க வேண்டுமென்றால் ஒலியை இன்னும் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே போனில் பேசும்போது ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்துகிறவன் அவன். மிச்சம் இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும். தவிர தறியில் கவனம் தப்பினால் துணி கெட்டுப்போகும்.

நூலகம்

நூலகத்தில் சேர்ந்தபோது எனக்கு எதிர்பார்ப்பே இல்லை. பெண்ணுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் தேட மாவட்ட மைய நூலகத்துக்குக் கூடப் போனவள், சும்மா நிற்க வேண்டாமே என்று உறுப்பினர் படிவம் கேட்டேன். காப்புத்தொகை, சந்தா எல்லாம் சேர்த்தும் ஒரு நல்ல நாவலின் விலைகூட வரவில்லை.

இதைச் சொன்னதும் தம்பி "அதுக்கும் பணமா?" என்றான். நீ ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறாய் என்றேன். சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது; சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் வருடா வருடம் வரி கட்டுகிறவன், அந்தக் காசில் வாங்கிய புத்தகத்தை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. தறிக்காரனிடம் நஷ்டக் கணக்கு பேசினால்தான் காதில் ஏறும்.

நூலகத்தின் உண்மையான பலம் இலவசம் என்பதில் இல்லை. புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிற தாளில் விழுகிற தேதி முத்திரையில் இருக்கிறது. இரண்டு வாரம். பத்து நாள் விட்டாலும் பதினோராம் நாள் அந்தத் தேதி ஞாபகத்துக்கு வரும். என் மேசைமேல் இருக்கிற மற்ற எந்தப் புத்தகமும் என்னைக் கூப்பிடுவதில்லை, இது ஒன்று மட்டும் கூப்பிடுகிறது. தேதி தாண்டினால் வருகிற அபராதம் சில்லறைதான், ஆனால் நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். முடிக்காவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது இன்னொரு நிம்மதி. பிடிக்காத புத்தகத்தை நாற்பதாம் பக்கத்தில் கைவிட எனக்கு நூலகம்தான் கற்றுக்கொடுத்தது. காசு கொடுத்து வாங்கியதென்றால் மனசு வராமல் ஆறு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்திருப்பேன். அந்த ஆறு மாதமும் வேறு எதையும் படித்திருக்க மாட்டேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அதனால்தான் புத்தகங்களைப் பூட்டி வைக்காமல் திறந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். கணக்கு ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர் அவர். அவர் சொன்னதன் அர்த்தம் அலமாரி முன் நின்றால் தெரியும். நான் தேடிப் போனது ஒரு பயண நூல். அது இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற தேனீ வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து வந்தேன். 96 பக்கம், நான்கு நாளில் முடிந்தது. ஏற்காட்டுத் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கிறவர்களிடம் இப்போது நின்று பேசுகிறேன்.

பக்கக் கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்றால் பத்துப் பக்கம், இரண்டு வாரத்துக்கு 140. நடுவில் நான்கு நாள் வீணாகும் என்று வைத்தால் நூறு. ஆகவே முதல் மூன்று மாதம் நூறு பக்கத்தைத் தாண்டிய எதையும் நான் எடுக்கவில்லை. தேதிக்குள் முடித்துக் கொடுக்கிற சுகம் பழகிய பிறகுதான் பெரிய புத்தகத்துக்குப் போனேன். அதற்கு இருக்கவே இருக்கிறது புதுப்பித்தல்.

குறை இல்லாமல் இல்லை. நான் முதலில் போன ஒரு கிளை நூலகத்தில் பாதி அலமாரி போட்டித் தேர்வுக் கையேடுகள், மீதி தூசி. புதிதாக வந்ததைக் கேட்டால் 'இன்னும் பதிவேற்றலைங்க' என்றார்கள். கிளை நூலகங்கள் மதியத்தில் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ள நான் இரண்டு வெள்ளிக்கிழமை வெயிலில் நடந்தேன். மைய நூலகத்தில் புத்தகமும் அதிகம், நேரமும் அதிகம், ஆனால் கொண்டலாம்பட்டியிலிருந்து வருகிறவனுக்கு அது ஒரு பயணம். மழைக்காலத்தில் ஏற்காட்டில் என் அலுவலக மேசையில் நூலகப் புத்தகத்தை விட்டு வைத்தால் இரண்டே நாளில் அட்டை நெளிந்து பூஞ்சை வாசம் அடிக்கும். அதற்கு நானே பொறுப்பு.

வாசகர் வட்டம்

ஓரிரு கூட்டத்துக்குப் போனேன். நல்லவர்கள், நல்ல பேச்சு. ஆனால் படித்து முடிக்காத மாதம் போகக் கூச்சமாக இருந்தது, அடுத்த மாதம் அதைவிடக் கூச்சமாக இருந்தது. என் அளவுகோலில் இதற்குத்தான் கடைசி இடம். பழக்கம் படிந்துவிட்டவர்களுக்கு இது விருந்து. வருடத்துக்கு ஐம்பது புத்தகம் என்று இணையத்தில் சவால் விடுகிறவர்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்.

தம்பிக்கு என்ன முடிவு

அவன் நாளைப் பிரித்துப் பார்த்தோம். தறி நிற்பது ராத்திரி எட்டுக்கு மேல். சாப்பிட்டு, கணக்கு எழுதி, பத்திலிருந்து பத்தரை அவனுக்குச் சொந்தம். நடுவில் பாவு, அதாவது நெடுக்கு நூல், பிணைக்க ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தத் தறி நிற்கும், ஆனால் மற்ற மூன்றும் ஓடும். கிடைக்கிற நேரம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். துண்டு நேரத்துக்குச் சிறுகதை. தொலைந்தால் பதறாத, ஊடைத் தார் பெட்டி மேல் வைத்தாலும் உடையாத பொருள் வேண்டும். கிண்டில் அங்கே வைத்தால் பஞ்சும் எண்ணெயும் ஏறி ஒரு மாதம் தாங்காது என்று அவனே சொன்னான்.

முதலில் கண்ணாடி. அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கிளை நூலகம் என்று பார்த்து உறுப்பினர் அட்டை. மூன்று மாதம் தேதி தவறாமல் எடுத்துத் திருப்பினால், பத்தாயிரத்துக்கு மேல் போட்டுக் கிண்டில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போது அது ஏற்கெனவே படிக்கிறவனுக்கு ஒரு வசதி. இன்றைக்கு வாங்கினால் வருத்தப்பட இன்னொரு பொருள். அடிக்கடி வெளியூர் போகிறவர், சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாதவர், படுத்த படுக்கையில் தடிப் புத்தகத்தைத் தூக்க முடியாத பெரியவர் யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் கிண்டிலே வாங்குங்கள் என்றிருப்பேன்.

அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. புதுச் சாமான் வாங்குகிற சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேன் என்று முறுக்கை வைத்துவிட்டுப் போனான். மூன்று வாரம் பேச்சே இல்லை. போன புதன்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை, ஆனாலும் கத்தித்தான் பேசினான்.

"ஏங்க்கா, தேதி நாளான்னிக்கு முடியுது. இன்னும் நாப்பது பக்கம் கெடக்குது. என்ன பண்றது?"

"நாளைக்கே கொண்டுபோய்ப் புதுப்பிச்சுக்கோ. நாளான்னிக்குப் போயிராதே, வெள்ளிக்கிழமை, பூட்டியிருக்கும்."